குவெங்கா மட்டும்

மாட்ரிட்டில் காலையில் ரயிலேறி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய ஊர்களை ஞானசேகர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு நாலு நாள் விடுமுறை. வியாழன் தொலேதோ, வெள்ளி செகோவியா, சனி ஆவிலா. பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி திலகவதி வழக்கம்போல, "ஞாயிறு குவெங்கா?" என்றாள். "அங்க மட்டும் வேணாம்மா" என்றார் அவரும் வழக்கம்போல. மறுநாள் காலை குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஆறு வருடமாக அவளுக்கு அந்த ஊர்மேல் பொறாமை. விவாகரத்தாகிப் போன முதல் மனைவி ஹேமலதாவும் இதே மாட்ரிட்டில்தான் அவரோடு குடித்தனம் நடத்தினாள். அவளோடு கைகோத்துத் திரிந்த தெருக்களைத் தனக்குக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை என்று திலகவதி தானாகவே முடிவு கட்டியிருந்தாள். காரியமெல்லாம் முடிந்து, துக்கம் விசாரிக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஹேமலதா ஃபோன் செய்தபோது திலகவதியால் அடக்க முடியவில்லை.

"குவெங்கா எப்படிக்கா இருக்கும்? நீங்க பாத்திருப்பீங்களே."



"என்னை எங்க கண்ணு கூட்டிட்டுப் போனாரு? கேட்டா, அங்க மட்டும் வேணாம்பாரு. உன்னையக் கூட்டிட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சு நான்ல இத்தனை நாளா வயிறெரிஞ்சிட்டிருந்தேன்."

"அப்ப யாருக்கா?"

"தெரிஞ்சா எனக்கும் சொல்லு."

ஃபோனை வைத்துவிட்டு, திலகவதி ரயில் நேரங்களைத் தேடிப் பார்த்தாள். குவெங்காவுக்கு இப்போதும் ஒரு மணி நேரப் பயணம்தான்.