நாற்பத்தொன்றின் விலாசம்

“திரும்பவும் வீடு மாறிட்டான்டி,” என்று போனில் கிசுகிசுத்தார் ஆமை. “நேத்து சாயங்காலம் இருந்த இடத்துல இன்னைக்கு ஆளைக் காணோம்.”

“மாறத்தாங்க செய்வான். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா ஒவ்வொரு தடவையும் புது இடம்தான்,” என்றாள் அவர் மனைவி.

அவர்கள் துரத்திக்கொண்டிருந்தது ஆளை அல்ல, ஓர் எண்ணை. நாற்பத்தொன்று.

துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுகிற அலுவலகம் அது. இரண்டு மாதத்துக்கு முன் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் ‘உழைப்பு மீட்டர்’ என்று ஒன்றைப் போட்டுவிட்டார்கள். தட்டுகிற எழுத்தை எண்ணி அது நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். பத்தொன்பது பேருடைய மார்க்கும் சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஊரறியத் தெரியும்.

ஆமை என்று அவருக்குப் பெயர் வரக் காரணம், புகாரை முழுசாகப் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவார். படிப்பதற்கு மீட்டரில் மார்க் கிடையாது. அதனால் அவருக்கு நாற்பத்தொன்று. சில நாள் முப்பத்தெட்டுக்கு இறங்கும், நல்ல நாளில் நாற்பத்துநாலு வரை தொட்டுப் பார்க்கும்.

மற்ற பதினெட்டுப் பேரும் தொண்ணூற்றெட்டு. கும்பலாக டீ குடிக்கப் போய் அரை மணி நேரம் அரட்டை அடித்தாலும் தொண்ணூற்றெட்டு. ‘போறதுக்கு முன்னாடியே அவ்வளவு வேலையை முடிச்சு வெச்சுடறாங்க, மனுஷங்களா இவங்க’ என்று ஆமை பெருமூச்சு விடுவார்.

திங்கட்கிழமை மேனேஜரம்மா எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமை மீட்டரைப் பார்த்துத்தான் யார் இருக்கறது, யார் போறதுன்னு முடிவு பண்ணப் போறேன்.”

ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? அன்றைக்கு ராத்திரி ஆமை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“இதுக்குப் போயா இப்படி இடிஞ்சு உக்காந்திருக்கீங்க?” என்று மனைவி ஒரு பென் டிரைவை நீட்டினாள். அந்த அம்மாள் கம்ப்யூட்டர் விளையாட்டில் சாகாவரம் வாங்கியவள். எந்த அரக்கன் வந்து எப்படி அடித்தாலும் திரையில் அவளுடைய உயிர் ஒன்றுகூடக் குறையாது. அதற்கான வித்தை முழுவதும் அந்த பென் டிரைவில் இருந்தது.

கம்ப்யூட்டர் தன் மெமரியில் மார்க்கை எழுதி வைத்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வேறு எண்ணை எழுதிவிட வேண்டும். வித்தை ஆரம்பத்தில் சுலபமாகத்தான் இருந்தது. மெமரி முழுக்க நாற்பத்தொன்று எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினால் பத்தாயிரம் இடம் வந்தது. நாலு வரி தட்டி மார்க்கை நாற்பத்திரண்டாக்கி, அந்தப் பத்தாயிரத்தில் எது நாற்பத்திரண்டாக மாறியது என்று தேட, மிஞ்சியது ஒரே இடம். ஆனால் மறுநாள் காலையில் மார்க் வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது. அதற்குத்தான் இந்த போன்.

“இடத்தைப் பிடிக்காதீங்க,” என்றாள் மனைவி. “அந்த இடத்தோட விலாசத்தை யாரு கையில வெச்சிருக்கான்னு தேடுங்க. அவனும் வீடு மாறுவான். அப்ப அவன் விலாசத்தை யாரு வெச்சிருக்கான்னு தேடுங்க.”

“இது எங்கடி போய் முடியும்?”

“வீடே மாறாத ஒருத்தன் இருப்பான். மீட்டரோட வாசல்லயே உக்காந்திருப்பான். அவனைப் பிடிச்சுட்டா, மத்தவங்க எங்க போனாலும் வரிசையா கை காட்டிடுவான்.”

டீ நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் ஆமை இதற்கே கொடுத்தார். வேலை நேரத்தில் மட்டும் தொடவில்லை, புகார் எழுதியவர்கள் பதிலுக்குக் காத்திருப்பார்களே. மனுஷன் நாய் படாத பாடு பட்டார். ஒருவனைப் பிடித்தால், அவன் விலாசத்தை இன்னொருவன் கையில் வைத்திருந்தான். வியாழக்கிழமை மதியம், ஐந்தாவது படியில், வாசலில் உட்கார்ந்திருந்தவன் அகப்பட்டான்.

மூன்று தடவை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் அவன் அசையவில்லை. ஆமை அவனைப் பிடித்து ஐந்து படியும் இறங்கிப் போய், நாற்பத்தொன்றை அழித்துத் தொண்ணூற்றெட்டு என்று எழுதி, இனி மாறாதபடி பூட்டினார். அப்பாடா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவரும் கும்பலோடு டீ குடிக்கப் போனார். “ஒரு வழியா வந்து சேர்ந்துட்டீங்க சார்,” என்று பக்கத்து இருக்கைக்காரர் முதுகில் தட்டிச் சிரித்தார். பதினோரு வருடத்தில் யாரும் அவரை இப்படித் தட்டியதில்லை.

மதியம் மேனேஜரம்மா கூப்பிட்டனுப்பினார். மேசையில் பதினெட்டு உறைகள் அடுக்கியிருந்தன. அந்த அம்மாள் இன்னோர் உறையை எடுத்து அவர் பெயரை எழுதியதும் ஆமைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“எனக்கும் உண்டா மேடம்?”

“நேத்து காலை வரைக்கும் உங்களுக்கு இல்ல சார்.”

வேலை தப்பித்தது என்று நினைத்துக்கொண்டே பிரித்தார். இன்றோடு நின்றுகொள்ளலாம் என்று ஒரே வரி இருந்தது.

“மேடம், எனக்குத் தொண்ணூத்தெட்டு இருக்கே,” என்றார்.

“எல்லாருக்கும் இருக்கு. லீவு போட்டு வீட்டுல தூங்கறவருக்கும் இருக்கு. இந்த ஆபீஸ்ல மனுஷனுக்கு வர்ற மாதிரி ஏறி இறங்கின மார்க் ஒண்ணே ஒண்ணுதான்.” மேனேஜரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உங்க ஒருத்தரை மட்டும்தான் சார் வெச்சுக்கறதா இருந்தேன்.”