ஓரத்துச் சிப்பாய்

நான்காவது சுற்றில் எனக்கு வெள்ளைக் காய்கள் வந்தன. ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கினேன். எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“இப்படியெல்லாம் யாராச்சும் ஆரம்பிப்பாங்களா?”

“எங்க அண்ணன் ஆரம்பிப்பான்.”

அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் ஆடிய ஆட்டங்களின் குறிப்புத் தாளை வாங்கி, தப்பான நகர்வுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கேள்விக்குறி போடுவான். அபாரமான நகர்வுக்கு ஆச்சரியக்குறி. அது எனக்கு ஒன்றுகூட விழுந்ததில்லை.

பதினோரு நகர்வுகள் ஆனபோது நடுவர் என் தாளை எட்டிப் பார்த்தார். “ஆடிட்டு எழுதணும்மா, எழுதிட்டு ஆடக் கூடாது. உங்க அண்ணன்கிட்ட இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.”

குனிந்து பார்த்தேன். பன்னிரண்டாவது வரியில் ஒரு குதிரை நகர்வு எழுதியிருந்தது. நான் எழுதவில்லை. அதிலிருந்த ஏழுக்கு வயிற்றில் ஒரு குறுக்குக்கோடு; அண்ணன்தான் அப்படிப் போடுவான்.

எனக்கு யானைதான் சரியென்று பட்டது.

“சும்மா இருண்ணா” என்று முணுமுணுத்து, அந்த வரியை அடித்துவிட்டு யானையை நகர்த்தினேன். என் பேனா நீலம். எழுதி முடித்ததும் பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

நாற்பதாவது நகர்வில் மருந்துக்கடைக்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார்.

நடுவரிடம் கொடுக்குமுன் தாளை ஒருமுறை பார்த்தேன். கேள்விக்குறி அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், மனசே இல்லாமல் போட்டதுபோல, கோணலாக ஓர் ஆச்சரியக்குறி.