முன்னால் இழுத்த சீட்

காரைத் தூக்கி நிறுத்திவிட்டு மெக்கானிக் அடியில் டார்ச் அடிக்கிறார். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் பின்பக்கமாக மடங்கியிருக்கிறது. ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது. "சின்னக் குழிதான் மச்சான்," என்கிறார் மெக்கானிக்குடைய தங்கையின் வீட்டுக்காரர். "குழியில விழுந்தா இப்படி மடங்காது மாப்ளே. வேகமா எதுலயோ மோதியிருக்கு. பிரேக்கே போடல போலிருக்கு." "கண் அசந்துட்டேன். நான்தானே ஓட்டினேன்." யார் ஓட்டியது என்று மெக்கானிக் கேட்கவே இல்லை. குடித்திருப்பாரோ என்று மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்க்கிறார். கண் தெளிவாகத்தான் இருக்கிறது. தங்கை டயர் அடுக்கின் ஓரமாக நின்று கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விடுகிறாள். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. ஆர்மைக் கழற்றுவதற்கு முன் ஸ்டியரிங்கை நேராக்கலாம் என்று காரை இறக்கி உள்ளே உட்காருகிறார் மெக்கானிக். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. சீட் அவ்வளவு முன்னால் இழுத்துக் கிடக்கிறது. மாப்பிள்ளையோ அவரைவிட ஒரு சாண் உயரம். வலிப்பு நின்று ஒரு வருஷம் ஆகும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "மறுபடியும் வந்துச்சாம்மா?" அவள் மெல்லத் தலையாட்டுகிறாள். "யாருக்கும் அடிபடலைண்ணே. மரம்தான்." வலிப்பில் கடிபட்ட நாக்கில் சொல் குழறுகிறது. மெக்கானிக் சாவியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.