ஒன்பதாவது கையெழுத்து

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் முன்பெல்லாம் லீவு கேட்டால் மேனேஜர் முடியாது என்பார். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஒன்றுகூடி அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். பத்துப் பேருக்கு ஒரு டீம் என்று பிரித்த பிறகு அவர் முடியாது என்று சொல்வதே இல்லை. டீமில் மற்ற ஒன்பது பேரும் லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். மாதம் முழுக்க யாருமே லீவு எடுக்காத டீமுக்குக் கடைசிச் சனிக்கிழமை விடுமுறை.

வாசுகியின் மகளை நாளை, வியாழக்கிழமை, பெண் பார்க்க வருகிறார்கள்.

"எட்டுப் பேர் போட்டுட்டாங்க மரகதம். நீதான் பாக்கி."

பதினோரு வருடமாகப் பக்கத்து மெஷினில் தைக்கும் மரகதம் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சனிக்கிழமைதான்க்கா ஹாஸ்டல்ல என் பையனைப் பார்க்க விடுவாங்க. பார்த்து ரெண்டு மாசமாச்சு. அவங்களை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லேன்."

"நல்ல நாள் பார்த்துச் சொல்லியிருக்காங்கடி."

"என் புள்ளைக்கு யாரு நாள் பார்க்கிறது?"

வாசுகி மேனேஜரிடம் போனாள். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "நான் வேணாம்னு சொல்லலையேம்மா. நீங்கல்லாம் ஒரே குடும்பம். உங்களுக்குள்ள பேசிக்குங்க."

மதியம் இருவரும் வழக்கம்போல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த மேனேஜர், "சாப்பிட்டாச்சா?" என்றார்.

இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

"ஆச்சு சார்," என்றார்கள், ஒரே குரலில்.