கருவேலமரத்துப் பள்ளிக்கூடம்

அந்தக் காட்டுப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பாடமும் கிளிப்பேச்சில்தான். ஆலமரத்திலும் மாமரத்திலும் கிளிக்குஞ்சுகள் படித்தன. கிளிப்பேச்சு தெரியாத கொக்கு, காடை, மரங்கொத்திக் குஞ்சுகளையெல்லாம் அள்ளிக்கொண்டுவந்து கருவேலமரத்தில் கொட்டியிருந்தார்கள். நாற்பது குஞ்சுகளுக்கும் மைனா ஒருத்திதான் டீச்சர்.

ஆய்வுக்கு வந்த கிளி அதிகாரி முள்ளில் உட்கார்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, மூணு வருஷமா ஒரு குஞ்சுகூடத் தேறல. அப்படி என்னதான் கிழிக்கிறீங்க?"

மைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூட விளையாட நாலு கிளிக்குஞ்சு இருந்தா பேச்சு தானா வந்துடும் சார். ஒண்ணையாவது இங்க அனுப்பினீங்களா? இதுங்கள்ல பத்தையாவது ஆலமரத்துல சேர்த்தீங்களா?"

"அதெப்படி? எங்க பிள்ளைங்க பேச்சு கெட்டுப்போயிடாதா?" என்ற அதிகாரி, குஞ்சுகள் பக்கம் திரும்பினார். "எங்கே, கிளிப்பேச்சுல ஏதாச்சும் சொல்லுங்க, பார்ப்போம்."

மைனா தடுக்கவில்லை.

நாற்பது குஞ்சுகளும் கழுத்தை நீட்டின. கிளி வாயால் இதற்குமுன் தாங்கள் கேட்டிருந்த ஒரே பேச்சை, சேரப் போன அன்று ஆலமரத்து வாசலில் கேட்டதை, ஓரெழுத்துப் பிசகாமல் அதிகாரியின் முகத்துக்கு நேராக ஒப்பித்தன:

"இங்க இடமில்ல, வேற மரத்தைப் பாரு!"