சட்டை எண் 214

சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சங்கத் தலைவர் தங்கராசு, முதுநகர் தையல் கூடத்தின் நடுவில் நின்று, கூடத்தின்மேல் தான் எழுதிய புகார் நோட்டீஸைப் படித்தார்.

“முதலாவது, 2007-ல் ஃபேன் கேட்ட பெண்களை வெயிலில் நிற்கவைத்தது. இரண்டாவது, 2008 மழையில் கூரை ஒழுகியும் மெஷினை விட்டு எழக்கூடாது என்றது. மூன்றாவது, இந்த மே மாதம் குடிதண்ணீர்க் குழாயைப் பூட்டியது. அன்று மெஷின் மெஷினாகப் போய், கத்தரிக்கோலால் நூலை அறுத்து, எட்டுப் பெண்களையும் நானே எழுப்பி வெளியே கூட்டிவந்தேன். மறுநாளே தண்ணீர் வந்தது. நான்காவது, இது.”

அவரோடு வந்திருந்த குமராட்சி காத்தவராயன் ஒரு பள்ளிச் சீருடைச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் பிரிந்து கிடந்தது.

“கொடி வணக்கத்துக்குக் கைய தூக்கனா, பிரிஞ்சிபோச்சி. எம் பொண்ண ‘சன்னலு, சன்னலு’ன்னு கூப்புட்றானுவ. நாலு நாளா பள்ளிக்கொடம் போவல.”

பொறுப்பாளர் லோகநாயகி தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஓவர்லாக் மெஷின்ல பின்னாடி ஓட்டி முடிச்சிபோட முடியாதுண்ணே. துணி முடிஞ்சப்புறமும் மெஷின ஓட்டி, சங்கிலி மாதிரி வால் வுடணும். அந்த வால ஊசியால தையலுக்குள்ள இழுத்து வுட்டாத்தான் நிக்கும். இதுல வாலே இல்ல.”

“அப்ப எவளோ சோம்பேறித்தனம் பண்ணிருக்கா. யாரா இருந்தாலும் கூடத்துலேருந்து பேர நீக்கணும்” என்றார் தங்கராசு.

பேர் நீங்கினால் மெஷின் கைமாறும். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“நான்தாண்ணே” என்று கொளஞ்சி எழுந்தாள்.

தங்கராசுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மே மாதம் முன்வரிசையில் கொடி பிடித்தவள் அவள். மூன்று பிள்ளைகள். அந்த மெஷினை நம்பித்தான் வீட்டில் உலை.

“நீயா?”

“ஆமாண்ணே. எம் பேர எடுத்துருங்க. ரிஜிஸ்டரெல்லாம் வேணாம்.”

“வாயால சொன்னா செல்லாது. எழுத்துல இருக்கணும், நாலு பேரு சாட்சியா கேக்கணும். நாப்பது வருஷமா என் வழக்கம் இது.”

லோகநாயகி ரிஜிஸ்டர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். “அவளே ஒத்துக்கிட்டா. வுடுங்கண்ணே.”

“பாத்தியா காத்தவராயா, மறைக்கிறாங்க.”

காலர் உட்புறம் எண் 214. தங்கராசு ரிஜிஸ்டரைப் பிடுங்கிப் பக்கத்தைப் புரட்டினார். மேடைக் குரலில் தொடங்கினார்.

“சட்டை எண் 214. மே 12. தைத்தவர், கொளஞ்சி. வால் விடுமுன் நூல் அறுக்கப்பட்டது. இதேபோல் அறுபட்ட மற்ற ஏழும் மறுபடி தைத்தாகிவிட்டது. இது மட்டும் கட்டோடு கலந்து போய்விட்டது. நூலை அறுத்தவர்...”

தங்கராசு ரிஜிஸ்டரைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“வேணாம்ணே” என்றாள் கொளஞ்சி, மெல்ல. “தண்ணி வாங்கிக் குடுத்தவரு நீங்க.”

“படிங்கய்யா” என்றான் காத்தவராயன். “சாட்சிக்குத்தான் நாங்க நிக்கிறமே.”

தங்கராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். எழுத்து மாறவில்லை.

“நூலை அறுத்தவர், தங்கராசு.”