ஐந்து மணிக்கு வரும் குக்கர்

அருட்செல்வம் இந்த முறை ரைஸ் குக்கரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கழுவிய அரிசியும் அளந்த தண்ணீருமாக, மூடியை ஒரு கையால் அமத்திப் பிடித்தபடி, ஜனவரிப் பனிக்குள்ளால் எதிர்க் கட்டடத்திலிருந்து நடந்து வந்திருந்தார். உதயகுமாரி கதவைத் திறந்ததும் நேரே குசினிக்குப் போய்ப் பிளக்கைச் செருகினார்.

"என்ன அண்ணை இது?"

"அஞ்சு மணி, தங்கச்சி. எங்கடை வீட்டிலை இப்ப கரண்டுக்குக் கொள்ளை விலை. உங்களுக்குத்தானே எந்த நேரமும் ஒரே விலை."

ஹவுகன்ஸ்டுவாத் தொடர்மாடிகளில் இருக்கிற தமிழ் ஆட்களுக்கு இது தெரிந்த கதைதான். பின்னேரம் எல்லோரும் வேலையால் வந்து அடுப்பைப் போட, சந்தையில் கரண்ட் விலை ஏறும். அதோடு அருட்செல்வமும் உதயகுமாரி வீட்டுப் படி ஏறுவார். எட்டு மணிக்கு விலை இறங்க, அவரும் இறங்குவார். இடையில் போனுக்குச் சார்ஜ், சவர மெசினுக்குச் சார்ஜ், சோபாவில் சாய்ந்து இரண்டு மணித்தியாலம் டிவி. போன கிழமை ஈரக் காலுறைகளைக் கொண்டுவந்து ஹீட்டரில் விரித்தார்.

இவ்வளவும் போதாதென்று, போனில் விலையைப் பார்த்து, உதயகுமாரியின் கணவர் குலசேகரத்துக்குக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசித்தும் காட்டுவார்.

"ஆறு மணிக்கு இன்னும் ஏறுது, குலம். நல்லகாலம் நான் இஞ்சை வந்திட்டன்."

உதயகுமாரி அவர் காது கேட்கத்தான் திட்டுவாள். இன்றைக்கும் குறை வைக்கவில்லை.

"இது வீடோ, மடமோ? இவரின்ரை மகள் சாருகா தூரத்திலை, பேர்கனிலை படிக்கிறாள். வீட்டிலை இவர் ஒராள். ஒராளுக்கு அப்பிடி என்ன கரண்ட் முடியும்? கசவாரத்தனத்துக்கும் ஒரு அளவு வேணும்."

சோபாவில் இருந்தவர் சிரித்தார். சூடு சுரணை இல்லாத சிரிப்பு.

குலசேகரத்துக்குத்தான் தாங்கவில்லை. அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த மனிதரை முகத்துக்கு நேரே வராதே என்று சொல்ல அவருக்கு வாய் வராது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"உதயா, அவருக்கும் அந்த நிலையான விலையைப் பதிஞ்சு விட்டால் அலுவல் முடிஞ்சுது. பிறகு என்ன சாட்டுச் சொல்லி வருவார்?"

"நீங்கள் சும்மா இருங்கோ. புட்டு அவியட்டும்."

"எத்தினை நாளைக்குச் சும்மா இருக்கிறது?" என்று அவர் ஹோலுக்குப் போனார்.

"அருள் அண்ணை, ஒரு விசயம். சந்தை விலை எண்டால் மணிக்கு மணி மாறும். காத்தடிக்காட்டி ஏறும், அணையிலை தண்ணி குறைஞ்சால் ஏறும். எங்கடை விலை அரசாங்கம் வைச்ச விலை. காலமையும் அதுதான், பின்னேரமும் அதுதான், வருசக் கடைசி வரைக்கும் மாறாது. சந்தையிலை மலிஞ்சாலும் எங்களுக்கு இறங்காதுதான், ஆனால் நிம்மதி. உங்களுக்கும் இப்பவே எடுத்துத் தாறன்."

அருட்செல்வத்தின் சிரிப்பு நின்றது.

"நாளைக்குப் பாப்பம், குலம். போனிலை சார்ஜ் இல்லை."

"வந்த நேரம் துடக்கம் எங்கடை வீட்டிலைதானே சார்ஜ் ஏறுது. தாங்கோ."

வேறு வழியில்லாமல் போனை எடுத்து, உள்ளே போகக் கேட்கும் பாங்க்ஐடி இலக்கத்தை அமத்திக் கொடுத்தார். குலசேகரம் மின்சார நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தார். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார்.

அருட்செல்வத்தின் வீட்டுக்கும் நிலையான விலைதான். ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அருட்செல்வம் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குக்கரிலை ஒராளுக்குச் சோறு வராது, குலம்," என்றார் மெதுவாக. "அடிப்பிடிக்குது."

குலசேகரத்துக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதமாக இந்த மனிதரை மனதுக்குள் என்னவெல்லாம் சொல்லி வைதிருந்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனார். ஹோலுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சரிவராது, உதயா. அவரின்ரை கட்டடத்துக்கு அந்த விலை குடுக்க மாட்டினமாம்."

"அப்ப இந்த மனிசனோடை இன்னும் ஒரு வருசம் மாரடிக்க வேணுமோ?" என்று உதயகுமாரியும் அதே சத்தத்தில் கேட்டாள்.

பிறகு குசினிக் கதவைச் சாத்தினாள். மூன்று தட்டுகளில் புட்டைப் போட்டபடி குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியாது. அப்பாவுக்குப் பதிஞ்சாச்சு எண்டு சாருகா ஒக்டோபரிலேயே எனக்குப் போன் எடுத்துச் சொன்னவள்."

குலசேகரம் திகைத்துப் போனார்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் நாள் தவறாமல் அந்த மனிசனைத் திட்டுறாய்?"

"நான் திட்டாட்டி, பாவம் பாத்துச் சோறு போடுறம் எண்டு அவருக்கு விளங்கிப்போகும். அடுத்த நாளே வரமாட்டார்."